சப்ரி சொல்ல மாட்டேனென்ற வசனம்

பெராட் ஊரில் சப்ரி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகாமல் திரும்பினவர் கிடையாது. வரி வசூலிக்க வந்த அதிகாரிகூட காபியும் ராக்கிச் சாராயமும் குடித்துவிட்டு வந்த வேலையை மறந்து போனதுண்டு. அப்படிப்பட்ட மனிதரைப் போய், "இங்க இடமில்ல, போங்க" என்று சொல்லச் சொன்னால் நடக்கிற காரியமா?

சொல்லச் சொன்னவர் தலைநகர் திரானாவிலிருந்து வந்த சினிமா இயக்குநர் கிளோடியன். ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்திருந்த காலத்தில் சப்ரியின் அப்பா ஒரு யூதக் குடும்பத்தை இதே வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். அதைத்தான் படமாக எடுத்தார்கள். அப்பா வேடம் சப்ரிக்கு. ஆனால் படத்தில் அப்பா முதலில் விரட்டுவாராம், அப்புறம் மனசு மாறுவாராம்.

"எங்கப்பா அப்படிச் சொல்லவே இல்லையே, தம்பி."

"யாரா இருந்தாலும் ஒரு நிமிஷம் பயப்பட மாட்டாங்களாண்ணே? அந்தப் பயம் இல்லாட்டி படம் எங்க இருக்கு?"

சப்ரி சொல்லாவிட்டால் சொல்வதற்கு, திரானா நடிகர் ஒருவர் மீசை ஒட்டிக்கொண்டு தயாராக நின்றார். அந்த ஆள் நாடகக் கொட்டகையே அதிரக் கத்துகிறவர். அப்பாவின் பெயர் உலகம் முழுக்க நாறிப்போகும். தானே சொன்னால் கொஞ்சம் மெதுவாகவாவது சொல்லலாம் என்று சப்ரி ஒப்புக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. அகதியாக நடிக்கும் பெண் மூட்டையோடு நின்றாள்.

"அடடா, குளிர்ல ஏம்மா நிக்கிற? உள்ள வா!"

மறுபடி எடுத்தார்கள். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு, "இங்க இடமில்ல" என்று சொல்லியேவிட்டார். அடுப்படியிலிருந்து மனைவி ஃபெரிதேயின் குரல் வெடித்தது.

"ஏங்க! வந்தவங்கள வாசல்ல நிக்க வச்சு என்ன பேச்சு? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

காபித் தட்டோடு அவளே கேமரா முன்னால் வந்துவிட்டாள். அடுத்த காட்சிக்காகக் காத்திருந்த ஜெர்மன் சிப்பாய் வேடக்காரனுக்கும் ஒரு கோப்பை கிடைத்தது.

கிளோடியன் தலையில் அடித்துக்கொண்டார். "மீசைக்காரரக் கூப்பிடுங்கப்பா!"

சப்ரி ஓடிப்போய் இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பயம் எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. ஆனா நீ வைக்கிற இடத்துல இல்ல. அவர் எனக்குச் சொன்ன மாதிரியே ஒரே ஒரு தடவ செஞ்சு காட்டுறேன். பிடிக்கலேன்னா அந்த மீசைக்கே குடுத்துடு."

கதவு தட்டப்பட்டது. சப்ரி உடனே திறந்தார். சிரித்த முகமாக அந்தப் பெண்ணை உள்ளே அழைத்தார், மூட்டையை வாங்கி வைத்தார், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். போட்ட கை தாழ்ப்பாளை விட்டு வரவில்லை. பிறகு கதவில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கை கால் எல்லாம் வெடவெடவென்று நடுங்கின.

அந்தப் பெண் பதறிப்போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அவர் வாயருகே கொண்டுபோனாள். யாரும் எழுதித் தராதது அது. கிளோடியன் நிறுத்தச் சொல்ல மறந்து நின்றார். திரானா நடிகர் மீசையைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வந்தவ கையால தண்ணி வாங்கிக் குடிக்கிறதப் பாரு, வெக்கங்கெட்ட மனுஷன்" என்று அடுப்படி வாசலில் நின்று திட்டிக்கொண்டே ஃபெரிதே கண்ணைத் துடைத்தாள்.