செவ்வாய்ப்பேட்டை வீட்டு ஏலம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தம்பி சென்னிமலையின் வீடு கோர்ட்டு ஏலத்துக்கு வருகிறது என்று தெரிந்ததும், வள்ளியாத்தாள் மோகனூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். நோட்டீசு ஒட்டிய கதவுக்குப் பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் தம்பி.

"ஊடு போறது போகட்டுங்க்கா. நூல் யாவாரத்துல பட்ட கடன். ஆனா அந்தக் கந்தப்பன் கடன் காசுக்கே தட்டிட்டுப் போயிருவான்."

கந்தப்பன் பக்கத்து வெல்ல மண்டிக்காரன். அந்தத் தெருவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மண்டியை அகலப்படுத்த இந்த இடம் அவனுக்கு வேண்டும். அதனால் ஏலம் கேட்கக்கூடியவர்களை எல்லாம் காப்பி கிளப்புக்கு அழைத்துப்போய், "உத்திரமெல்லாம் உளுத்துப் போச்சுங்க, கெணத்துல உப்புத்தண்ணி" என்று காதில் ஓதி வைத்திருந்தான்.

"கடனுக்கு மேல போனா மிச்சம் ஆருக்கு?"

"நமக்குத்தான். ஏத்திக் கேக்க ஆளு வேணுமே!"

வள்ளியாத்தாள் சிரித்தாள். சிறு வயதிலிருந்தே அந்தச் சிரிப்பை அறிந்த தம்பி, "என்னக்கா பண்ணப் போறீங்க?" என்றான்.

மறுநாள் கோர்ட்டு அமீனா தமுக்கு அடிக்கச் சொல்லும் நேரத்தில் வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. பட்டுச்சேலையும் கழுத்து நிறைய இரவல் நகையுமாக இறங்கினாள் வள்ளியாத்தாள். இடுக்கியிருந்த கனத்த பையில் பணம் அல்ல, புளிதான் இருந்தது என்பது அவளுக்கும் வண்டிக்கார வீரனுக்கும்தான் தெரியும். தூண்களைத் தட்டிப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் குடித்து, "கற்கண்டாட்ட இருக்குது" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

கந்தப்பன் கடன் தொகையான எண்ணூறில் தொடங்கினான்.

"ஆயிரமுங்க" என்றாள் வள்ளியாத்தாள்.

அவன் ஏற, அவள் ஏற, ஏலம் விறுவிறுவென்று மேலே போனது. அவள் ஆயிரத்து எண்ணூறு என்றதும் கந்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டான்.

"ஒரு தரம்!" என்றார் அமீனா.

வள்ளியாத்தாள் புளிப் பையை இறுக்கிப் பிடித்தாள். எடுத்தவர் கால் பங்குப் பணத்தை அங்கேயே எண்ணி வைக்க வேண்டும். கூட்டத்துக்குப் பின்னால் சென்னிமலை கண்ணை மூடிக்கொண்டான்.

"ரெண்டு தரம்!"

அவள் சட்டென்று வீரன் பக்கம் திரும்பினாள். "ஏப்பா வீரா, கொத்தனாரை நாளைக்கே கூட்டியா. மண்டிச் சுவத்தை ஒட்டியே கருவாட்டுக் கெடங்கு போட்டரலாம். கேரளத்துலருந்து மூட்டை வரப்போகுது."

வெல்லத்தில் கருவாட்டு நாற்றம் ஏறினால் எவன் வாங்குவான்?

"ரெண்டாயிரம்!" கந்தப்பன் போட்ட கூச்சலில் வண்டிக் குதிரை மிரண்டது.

வள்ளியாத்தாள் பெருமூச்சு விட்டு, "என்னால ஆவாதுங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். அந்தப் பெருமூச்சு மட்டும் நடிப்பு அல்ல.

கோர்ட்டு ஏலத்தை உறுதி செய்யும் கெடு முடிந்து, கடன் போக மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு அக்காளும் தம்பியும் கோர்ட்டுப் படி இறங்கும்போது கந்தப்பன் எதிரே வந்தான். இந்தத் தடவை அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏனுங்க அம்மணி, நீங்க..."

"இவனோட அக்காளுங்க. மோகனூரு."

"அப்ப அன்னிக்கு ஏலம் கேட்டது?"

"கேக்கறதுக்குக் காசா பணமாங்க?" என்று சொல்லிவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.