ஸ்ரீரங்கம் தெரியுதா?

மழை பிடித்துக்கொண்டால் சந்திரம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மேகம் விலகும்வரை மெட்ராஸ் விமானம் இறங்க முடியாமல் மேலேயே வட்டமிடும். திருச்சி கன்ட்ரோல் டவரிலிருந்து அவள் கணவர் ரெங்கராஜ் விமானியோடு பேசிக்கொண்டே இருப்பார். சிற்றலையில் மெல்லத் திருகினால் அந்தப் பேச்சு உறையூர் வீட்டில் கரகரவென்று கேட்கும். இங்கிலீஷ் அவளுக்குப் புரியாது. கடைசியில் அவர் தமிழில் கேட்பது மட்டும் புரியும்.

"ரெண்டு ஆத்துக்கும் நடுவுல ஸ்ரீரங்கம் தெரியுதா?"

தெரிகிறது என்று விமானி சொன்னால், "சரி, எறங்கி வாங்க" என்பார்.

"வீட்ல வாயே தொறக்கறதில்ல. பிளேன்காரங்ககிட்ட மட்டும் என்ன பேச்சு!" என்று அவள் சீண்டுவாள்.

"அவங்களுக்குத் தரை தெரியல. உனக்கென்ன, தரையிலதான இருக்க?"

ஐப்பசி மழையில் ஒரு நாள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது.

மறுவருஷம் முதல் மழைக்கு அவள் ரேடியோவைத் திருகினாள். டவரில் புதியவர் ஒருவர் இங்கிலீஷில் என்னவோ சொல்லிக்கொண்டே போனார். அந்தக் கேள்வி வரவேயில்லை. இனி வராது என்று அணைக்கக் கை நீட்டியபோது, யாரும் கேட்காமலே விமானியின் குரல் வந்தது.

"ஸ்ரீரங்கம் தெரியுதுங்க, சார்."

டவரிலிருந்த புதியவர் இங்கிலீஷில் திருப்பி என்னவோ கேட்டார்.

"சரி, எறங்கி வாங்க," என்றாள் சந்திரம்மாள், ரேடியோவைப் பார்த்து.