தொங்கிய முனை

"ஒயரெல்லாம் கழட்டிடும்மா. அலமாரிய நகத்தினாத்தான் அண்ணனைப் படுக்க வைக்க இடம் கிடைக்கும்," என்றார் சித்தப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது. மகள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் நுழைந்தாள்.

நேற்று சாயங்காலமும் இதே இடத்தில்தான் இருந்தாள். அப்பா கட்டிலில் இருந்தபடியே ஏவிக்கொண்டிருந்தார். சிடி பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கேபிளை இரட்டையாகப் போட வேண்டுமாம். இருக்கிற ஜோடியோடு, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த இன்னொரு ஜோடியும். ஒரு துளையை இரண்டாக்கும் பிரிப்பான்களும் தயாராக வைத்திருந்தார்.

"ரெண்டு வழியில போனா சத்தம் நெருக்கியடிக்காம வரும்."

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிற மகளிடம் இதைச் சொல்ல அவருக்குத்தான் துணிச்சல் வரும். கேபிளை மாற்றினால் சத்தம் மாறுமா என்று அவள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நடக்கிற வழக்கு இது. இருவருமே இறங்கி வந்ததில்லை. இருந்தாலும் மூச்சு வாங்குகிற மனிதரோடு என்ன மல்லுக்கட்டுவது என்று செய்துகொடுத்தாள்.

பாட்டு ஓடியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பப் பாரு. வயலின் தனியா நிக்குது. தெரியுதா?"

"தெரியலப்பா."

"உனக்குக் காதே கிடையாது. இதுல சம்பளம் வேற குடுக்கறாங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

டார்ச் வெளிச்சத்தில் ஒரு சிவப்பு முனை தெரிந்தது. பக்கத்தில் வெள்ளை. புது ஜோடியின் முனைகள் ஆம்ப்ளிஃபையரில் சேராமல் தூசிக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தன. பிளேயர் பக்கம் சொருகிவிட்டு இந்தப் பக்கம் சொருகப் போனபோது அப்பா தண்ணீர் கேட்டது ஞாபகம் வந்தது. கொடுத்துவிட்டு வந்தவள் நேராகப் பாட்டைப் போட்டுவிட்டாள். ஆக, அப்பா கேட்டது பழைய ஜோடி மட்டும் ஓடிய பாட்டைத்தான்.

இத்தனை வருட வழக்கில் அவள் ஜெயித்துவிட்டாள். அப்பா இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு அவரை ஓட்டி எடுத்திருப்பாள். இப்போது அழுகைதான் வந்தது.

அம்மா வந்து அலமாரி ஓரமாக நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"நேத்துப் போட்டியே, அது நிஜமாவே நல்லாக் கேட்டுச்சா? இல்ல, அவரா சும்மா சொன்னாரா? எதுக்கு இத்தன கேபிள்னு நான் திட்டிக்கிட்டே இருந்தேன்."

"நல்லாத்தான் கேட்டுச்சும்மா. வயலின் தனியா நின்னுது."

"உனக்கே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அம்மா அலமாரி மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"அதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

வாசலில் வண்டி வந்து நின்றது. "ஆச்சாம்மா?" என்று சித்தப்பா குரல் கொடுத்தார்.

"ஒரு நிமிஷம் சித்தப்பா."

சிவப்பு முனையைப் பிரிப்பானில் வைத்து இறுகும்வரை அழுத்தினாள். வெள்ளையையும் அழுத்தினாள். பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.