தோசை கிடையாது

லாயிட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "தோசை இல்லாம டிபன் கடையா? பெங்களூர்ல எவனாச்சும் மதிப்பானாம்மா?"

இரண்டு கடைகளை மூடியாகிவிட்டது. மிச்சம் வைட்ஃபீல்ட் ரயில் நிலைய வாசலில் இருக்கிற இந்த ஒன்றுதான். இதுவும் படுத்தால் பன்னிரண்டு பேருக்கு வேலை போகும். கடையை நிமிர்த்தத்தான் முதலாளி லாயிட், மேனேஜ்மென்ட் படித்த மைதிலியைக் கூப்பிட்டு வந்தார். அவளோ இருபத்தெட்டு அயிட்டங்களில் இருபத்தாறை அடித்துவிட்டாள். இட்லி, வடை. அவ்வளவுதான்.

"கோலார் தங்கவயல் வண்டியில நானே மூணு வருசம் வந்திருக்கேன் சார். விடியறதுக்கு முன்னாடி வீட்டை விட்ட சனம், பசியோட இறங்குது. கையில அஞ்சு நிமிசம்தான். தோசை வேகறதுக்குள்ள ஆபீஸ் வேன் போயிடும். எல்லாருக்கும் எல்லாம் குடுக்கப் போய்தான் ரெண்டு கடையை மூடினீங்க."

"ஊத்திக்கிச்சுன்னா?"

"முடிவு என்னுது சார். பழியும் என்னுதே."

தோசை மாஸ்டர் கோவிந்தப்பா இட்லித் தட்டு கழுவப் போனார்.

திங்கட்கிழமை காலை வண்டி வந்தது. கூட்டம் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது. ஒருத்தர் நிற்க வேண்டுமே! லாயிட் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மைதிலியின் கண் மட்டும் கூட்டத்தை விடவில்லை. எங்கே ஓடுகிறார்கள்? எதிர்ப்பக்கம், வேன் வரிசைக்கு. அங்கே போய் என்ன செய்கிறார்கள்? சும்மா நிற்கிறார்கள்.

அட மடச்சி! அந்த ஐந்து நிமிடம் இங்கே இல்லை, அங்கே இருக்கிறது. அந்த மூன்று வருடமும் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கிய அவளுக்கு இது தெரியாமல் போயிற்று.

"மாஸ்டர், பொட்டலம் கட்டுங்க! சார், அந்தக் கூடையைத் தூக்குங்க!"

தோசையாயிருந்தால் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? இட்லி ஓடியது. முதலாளியும் தொப்பை குலுங்கக் கூடவே ஓடினார். வரிசையில் நின்றவர்கள் கை நீட்டி நீட்டி வாங்கினார்கள். எட்டரைக்குள் மூன்று கூடை காலி. மைதிலிக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது.

கடைக்குத் திரும்பியதும் கோவிந்தப்பா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அவளிடம் வந்தார். பதினோரு வருடத்தில் அவர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

"தோசைதான் இல்லையே. நாளைக்கு நான் வரணுமாம்மா?"

"என்ன மாஸ்டர் இப்படிக் கேக்கறீங்க? விடிகாலை மூணு மணிக்கே வந்துடுங்க. வரும்போது கூட ஒரு ஆளையும் கூட்டினு வாங்க."