செத்த பக்கங்கள்

எங்கள் அலுவலகத்தில் அவனுக்கு இளைப்பு டாக்டர் என்று பெயர். கொழுத்துப்போன கம்பெனி இணையதளங்களை ஒல்லியாக்குவது அவன் வேலை. தளம் திறக்கும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு கட்டடத்தில் கணினிகள் சூடாகி மின்சாரத்தைக் குடிக்கின்றன. தளத்தின் கனத்தைக் குறைத்தால் அந்த மின்சாரம் மிச்சம், அதற்காக எரிக்கும் நிலக்கரியும் மிச்சம். பக்கத்து நாற்காலியில் நான் படங்களைச் சுருக்கிக்கொண்டிருப்பேன். நல்ல வேலைதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தோமே, அதுதான் ஆறவில்லை.

கேஸ் ஹீட்டர் செய்யும் கம்பெனி ஒன்று எங்களிடம் வந்தது. கண்காட்சிக்கு முன்னால் அவர்கள் தளத்தில் பச்சை இலை முத்திரை ஏற வேண்டும்; தளத்தின் மொத்தக் கனத்தைக் குறைத்துக் காட்டினால் கிடைக்கும் சான்று அது. கனமெல்லாம் முகப்பில் ஓடும் வீடியோவில் இருந்தது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே குளிப்பாள், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து குளிப்பாள். அதை எடுக்கச் சொன்னோம்.

"அது எங்க முகங்க. அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றார் கம்பெனி மேனேஜர்.

முகத்தைத் தொடக்கூடாதென்றால் வேறு எதையாவது வெட்டித்தானே கணக்குக் காட்ட வேண்டும்? எங்கள் முதலாளி வழி சொன்னார்.

"வருஷக்கணக்கா யாரும் திறக்காத பக்கமெல்லாம் செத்த பக்கம். தூக்கிப் போடு."

இளைப்பு டாக்டர் தூக்கிப் போட்டான். எதையும் படிக்கவில்லை. மேனேஜரும் படிக்காமலே சரி என்றார். முத்திரை வந்தது. சந்தோஷத்தில் கம்பெனி, கிடங்கில் கிடந்த பழைய ஹீட்டர்களை எங்களுக்குச் சலுகை விலையில் கொடுத்தது. அவன் ஒன்றை வாங்கித் தன் அக்கா வீட்டில் மாட்டினான். அம்மா போன பிறகு அவனுக்கென்று இருந்தது அந்த அக்கா மட்டும்தான்.

ஒரு நாள் மதியம் அவள் போன் செய்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

"தம்பி, அந்த ஹீட்டர் போட்டுக் குளிச்சா தலை கிறுகிறுன்னு வருதுடா."

"வெறும் வயித்தோட குளிச்சா வராம என்ன செய்யும்?"

"கிண்டல் பண்ணாதே. பாதுகாப்பு அறிவிப்புக்கு இந்தப் பக்கத்தைப் பாருங்கன்னு கையேட்டுல ஒரு முகவரி இருக்கு. போய்ப் பார்த்தா இலை படம்தான் வருது. 'இந்தப் பக்கம் ஓய்வு பெற்றுவிட்டது, பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது'ன்னு."

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்த வரி நான் எழுதினது அக்கா! யாரும் பார்க்காத பக்கம், அதான் எடுத்தோம். முக்கியமானதா இருந்தா எடுத்திருப்போமா?"

"நீ சொன்னா சரிதான்" என்று அவள் வைத்துவிட்டாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அவள் கணவர் குளியலறைக் கதவை உடைத்துத் திறந்தபோது தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் தரையில் கிடந்தாள். ஹீட்டரிலிருந்து கசிந்த நச்சு வாயு என்றார் மருத்துவர். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து அவன் வேலைக்கு வந்தான். தளத்தின் பழைய நகலைத் தேடித் திறந்து, தான் அழித்த பக்கத்தை அன்றுதான் முதல்முறையாகப் படித்தான். நானும் அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். படமில்லை, வண்ணமில்லை, நாலே வரி. இந்த வரிசை எண்ணில் தொடங்கும் ஹீட்டர்களில் வாயு கசியும், உடனே நிறுத்துங்கள், குளிக்கும்போது தலை சுற்றினால் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அக்கா வீட்டு ஹீட்டரின் எண் அவனுக்கு மனப்பாடம். அவனே மாட்டியதல்லவா.

அவன் அந்தப் பக்கத்தைத் திரும்ப ஏற்றினான். முதலாளி மெல்ல வந்து பின்னால் நின்றார். பாவம், வேறு என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை போல.

"தப்பா நினைச்சுக்காதப்பா. கம்பெனியில கேட்கிறாங்க. இதைப் போட்டா இலை போயிடுமா?"

அவன் அளந்து பார்த்தான். மறுபடியும் அளந்தான்.

"போகாது சார். இதுக்கு எடையே இல்ல சார்."

முகப்பில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தாள்.