வெறும் போசி

தூக்குப்போசியின் அடியில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை இருந்தது. ரங்காத்தாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். சர்க்கரையேதான். போசியை யாரோ பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தார்கள். அதை அலமாரியில் கொண்டுவந்து வைத்தது கந்தப்பனாக இருக்கலாம். கழுவியது சத்தியமாக அவர் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷன். தவிர, சோறு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று எந்த ஆம்பளைக்குத் தோன்றியிருக்கிறது? இது ஒரு பொம்பளையின் கை. அதுவும் நன்றாக வளர்க்கப்பட்ட பொம்பளை என்பதில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

முந்தின நாள் மாரியம்மன் பொங்கல். வாசலில் கல் கூட்டி, சொந்தபந்தம் எல்லாம் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்துச் சாப்பிட்டார்கள். வைகாசியில் மகன் சதீஷ்குமாருக்குக் கல்யாணம் என்பதால் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். அந்தக் கூட்டத்தில்தான் கந்தப்பன் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, "சோமனூர்ல ஒரு துணி விசயம்" என்று வண்டியைக் கிளப்பினார். சோமனூரில் இருப்பது விசைத்தறி. இவர் நடத்துவது பனியன் கம்பெனி. பனியன்காரனுக்குத் தறித்துணியோடு என்ன கொடுக்கல் வாங்கல்? ரங்காத்தாள் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள்தான், ஆனால் திருப்பூரில் பிறந்தவள். அவளை ஏமாற்ற வேறு ஊர்ப் பெயராவது சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து அவளுடைய கண்ணும் காதும் மூக்கும் ஓயவில்லை. கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தாள். செல்போன் அடித்தால் அவர் கிணற்றடிவரை போய்ப் பேசுவதைக் கவனித்தாள். மருமகள் வரப்போகிற நேரத்தில் மாமனாருக்குக் கிறுக்குப் பிடித்தது வெளியே தெரிந்தால், குன்னத்தூர்ச் சம்பந்தி வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பது? நேராகவும் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, சோமனூர்ல அப்படி என்ன துணிங்க?"

"கம்பெனி விசயமெல்லாம் உனக்கெதுக்கு? கல்யாண வேலையப் பாரு."

அடுத்து குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு. வேப்பமரத்தடியில் அண்டாவில் கறி கொதித்தது. அந்தக் கோயில் கறி எல்லை தாண்டக்கூடாது. மிஞ்சினால் அங்கேயே குழிவெட்டி மூடிவிட வேண்டும். வருஷாவருஷம் அதை ஊருக்கே கேட்கும்படி சொல்கிறவர் கந்தப்பன்தான். இந்த முறையும் சொன்னார். அவருடைய அக்கா செல்லாத்தாள், வீட்டில் படுத்திருக்கும் புருஷனுக்கென்று இலையில் நாலு துண்டு மடித்ததைப் பிடுங்கிக் கொட்டவும் செய்தார். பந்தி முடிந்து ரங்காத்தாள் பார்த்தபோது மனுஷனையும் காணவில்லை, வண்டியையும் காணவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் போசியும் இல்லை. மறுநாள் அது அலமாரிக்குத் திரும்பியது, அடியில் ஒரு பிடி முருங்கைக்கீரையோடு. ரங்காத்தாள் அதை அப்படியே எருமைக்குப் போட்டாள். சாமிக்கே பயப்படாதவர் பெண்டாட்டிக்கா பயப்படப் போகிறார்?

பந்தக்கால் நட்ட அன்று வாசலில் பருப்புப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டார்கள். போசி போனது. மறுநாள் காலை அவள் மூடியைத் திறந்தாள். ஒரு முழம் கனகாம்பரம். பூவே கொடுத்தனுப்பும் அளவுக்கு ஆகிவிட்டதா! அடுப்பில் எறியக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றாள்.

சரத்தின் முடிச்சுகள் எல்லாம் மாற்றுப்பக்கம் விழுந்திருந்தன. இடக்கைக்காரி கட்டிய சரம். பூக்கட்டப் பழக்கும்போது அந்தக் கையில் ரங்காத்தாளே எத்தனை அடி வைத்திருக்கிறாள்! அடி வாங்கி வாங்கியும் மகள் இந்துமதி இடக்கையால்தான் கட்டினாள்.

ரங்காத்தாள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் கம்பெனியிலேயே தையல்காரனாக இருந்த நாகர்கோவில் பையன் ராபினை மகள் கட்டிக்கொண்டு போனபோது, தலை முழுகிவிட்டு வந்தவர் கந்தப்பன். "எனக்கு ஒரே பையன்தான்" என்று பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் சொன்னவர். அது போதாதென்று ரங்காத்தாளை மாரியம்மன் முன்னால் நிறுத்தி, மகள் இருக்கும் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சதீஷ்குமார் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கினார். மகளுக்குக் குழந்தை பிறந்ததைக்கூட அவள் பஸ்ஸில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். பெற்ற பிள்ளையின் தலையை நினைத்து மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட விசாரிக்காமல் இருந்தாள். இவர் என்னடாவென்றால் அப்புச்சியாகி, கறியும் ஒப்புட்டும் சுமந்து பேரப்பிள்ளைக்கு ஊட்டிவிட்டு வருகிறார். மகள் நன்றாக இருக்கிறாள் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிம்மதியை ஒரு கோபம் வந்து மூடியது. சின்னவீடாக இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்று கோயிலில் சத்தியம் செய்தது அவள் மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மதியம் பந்தலுக்கு வெளியே வெந்த மாவை மரத்தில் வைத்து அழுத்திச் சந்தகை பிழிந்துகொண்டிருந்தார்கள். கந்தப்பனின் அண்ணன் மயில்சாமி தன் மகள் அமராவதியை அழைத்துவந்தார். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைச்சேலை வைத்த பேழைமூடிக் கூடையை ஏந்தி நின்று செய்ய வேண்டிய இணைச்சீருக்கு, அமராவதியை நிறுத்துவது என்று ஏற்பாடு.

"பேழைமூடிய எடுத்துக் குடு ரங்காத்தா, புள்ள ஒருக்கா புடிச்சுப் பாக்கட்டும்."

ரங்காத்தாள் உள்ளே போய்த் தூக்குப்போசியை எடுத்துவந்தாள். இத்தனை பேர் பார்க்க, ஆவி பறக்கும் சந்தகையை அதில் அள்ளி வைத்தாள். தேங்காய்ப்பால் ஊற்றினாள். கந்தப்பன் இருந்த இடத்தில் எழுந்து நின்றார்.  அவள் வாடிய கனகாம்பரச் சரத்தைப் போசியின் கைப்பிடியில் சுற்றி, அதை அவருடைய வண்டி ஹேண்டில்பாரில் கொண்டுபோய் மாட்டினாள்.

"ஏம்புள்ள, என்ன பண்றே?" என்றார் கந்தப்பன். 

"பேழைமூடி ஊட்டுக்குள்ளதானுங்க இருக்குது. புடிக்க வேண்டியவதான் சோமனூர்ல இருக்கறா."

"அண்ணன் நிக்கிறாரு. அப்பறம் பேசிக்கலாம்."

"சத்தியம் பண்ணுனவ நானுங்க. என்னால அந்த வாசல மிதிக்க முடியாது. நீங்க பண்ணுலீங்களே. போயி என் புள்ளையக் கூட்டியாங்க." அவள் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே சொன்னாள்: "இல்லீன்னா நாளைக்கு இணைச்சீரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

சந்தகை மரத்தை அழுத்திக்கொண்டிருந்த கைகள் நின்றன. பாதி பிழிந்த சந்தகை நூல்நூலாகத் தொங்கியது. மயில்சாமி தம்பியையே பார்த்தார். செல்லாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பந்தல் வாசலில் புது வேட்டியோடு நின்ற சதீஷ்குமார் நடந்துவந்து, அப்பாவின் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்தான்.

கந்தப்பன் வண்டியை நிமிர்த்தினார். யாரையும் பார்க்காமல் ஓர் உதை உதைத்தார். கிளம்பவில்லை. இன்னொன்று உதைத்தார். ஒவ்வொரு உதைக்கும் ஹேண்டில்பாரில் போசி ஆடி, மூடியோரத்தில் தேங்காய்ப்பால் கசிந்து, கனகாம்பரத்தின்மேல் சொட்டியது.