முதல் அழைப்பு

...அதெல்லாம் சரி, ஆனால் எட்மண்ட் சார் சொன்னதிலும் தப்பு ஒன்றும் இல்லையே என்று நினைத்தபோது பஸ் வளைவில் சாய்ந்தது, விஜயா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், காலடியில் கட்டி வைத்திருந்த ஹாக்கி மட்டைகள் உருண்டு போய்ப் பக்கத்தில் இருந்த கணவர் பரமசிவனின் செருப்பில் இடித்தன. "உங்க டீம்ல எலும்பும் தோலுமா பதினோரு புள்ளைங்க இருக்குது, நான் ரெண்டு தூண் தாரேன், கட்டடம் நிக்கணுமா வேண்டாமா?" என்று கேட்டிருந்தார் எட்மண்ட் சார். குன்னூர் டீமின் மேனேஜர், பிழைப்புக்குக் கட்டட மேஸ்திரி, அதனால் எதைப் பேசினாலும் தூணும் சுவரும்தான் வரும். ஜானகி ஒரு தூண், இசக்கியம்மா இன்னொரு தூண், இரண்டு பேருமே கோலுக்கு முன்னால் நின்றால் காற்றுகூடச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பதிலுக்கு அவர் கேட்டது இந்த வருஷத்து முதல் அழைப்பும் அடுத்த வருஷத்து அழைப்பும். பேருந்து ஊட்டி மைதானத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் ஒரு பதிலோடு இறங்க வேண்டும். எலும்பும் தோலுமாம்... சொல்லிவிட்டுப் போகட்டும், பொய்யா சொன்னார்?

மலையில் பெண்கள் லீக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக முடிக்கிற டீம்தான் அடுத்த வருஷம் புதிதாக ஆட வருகிற பெண்களில் முதல் ஆளை அழைக்கலாம், தோற்றவர்களுக்குக் கிடைக்கிற ஒரே ஆறுதல் அது. போன வருஷம் கடைசி மஞ்சூர், அதன் கேப்டன் விஜயா. அழைப்பது என்றால் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. கேப்டன் மைதானத்தைக் கடந்து நேரில் போய், ஏறக்குறைய பெண் கேட்கிற மாதிரி, எங்க டீமுக்கு வர்றியா என்று கேட்டு, அவள் வாயால் சரி வாங்க வேண்டும். இந்த வருஷம் அந்த முதல் பெண் எமரால்டு ஊர் ஜெபிஷாதான் என்று எல்லாருக்கும் தெரியும். பந்து அவள் மட்டையில் ஒட்டிக்கொண்டே ஓடுவதை விஜயா ஒருமுறை பார்த்திருக்கிறாள், அன்று ராத்திரி முழுக்க ஏதோ நல்ல செய்தி கேட்ட மாதிரி இருந்தது. அவளையா விட்டுக்கொடுப்பது? ஆனால் ஜெபிஷா ஒரு கோல் போடுவதற்குள் பின்னால் நான்கு வாங்கினால் என்ன பிரயோஜனம், ஒருத்தி முன்னால் ஓடி என்ன செய்துவிட முடியும்... தேயிலை விலை விழுந்து பேக்டரி மூடியதும் ஆடத் தெரிந்தவர்கள் எல்லாரும் திருப்பூர் இறங்கிப் போய்விட்டார்கள், மஞ்சூர் டீமில் மிச்சம் இருந்தது விஜயா ஒருத்தி. வீடு வீடாகப் போய்ச் சேர்த்த பிள்ளைகள் இவர்கள். போன வருஷம் முழுக்க முட்டி வீங்கியும் உதடு கிழிந்தும் வீட்டுக்குப் போனார்கள். ரஞ்சனியின் அம்மா வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டாள், "இன்னொரு வாட்டி எம்புள்ள இப்படி வந்தா மட்டைய அடுப்புல வெச்சுட்டு அவளத் திருப்பூருக்கு அனுப்பிருவேன், பாத்துக்க." அவள் ஒருத்தி ஆரம்பித்தால் மற்ற அம்மாக்களும் வரிசையாக அதையேதான் செய்வார்கள். அப்புறம் டீம் ஏது?

கைகாட்டி ஸ்டாப்பில் பஸ் நின்றது. கண்டக்டர் மட்டைக் கட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, இந்த வருசமாச்சும் ஜெயிப்பீங்களா, இல்ல வெறகுக்குக் கொண்டு போறீங்களா?" என்றான். "ஜெயிச்சா உனக்கு ஒரு டீ, தோத்தா உன் தலைல ஒரு மட்டை" என்றார் பரமசிவன். பஸ்ஸே சிரித்தது. எமரால்டில் காரட் மூட்டை ஏற்றுகிற வேலைக்கு இன்று லீவு போட்டுவிட்டு மட்டை தூக்க வந்திருக்கிற கணவர். இசக்கியம்மா அவருடைய சொந்த அக்கா. எட்மண்ட் சார் பேசிவிட்டுப் போனதிலிருந்து தன் அக்காவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரே ஒரு வார்த்தைகூட... அதுதான் அவளைக் குத்துகிறது. சிபாரிசு செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

சண்டைக்கு என்ன குறை. கட்டபெட்டில் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டு வந்தால், வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த இசக்கியம்மா மதினி அடுப்படியையே திருப்பி வைத்திருந்தாள், உப்பு ஜாடி இருந்த இடத்தில் புளி, புளி இருந்த இடத்தில் தீப்பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே பாப்பாவின் முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டிருந்தாள். "பேன் புள்ள, பேன்! அந்தக் கொழந்த ராவெல்லாம் தலையச் சொறியுது, நீ வர்ற வரைக்கும் பாத்துட்டு இருக்கச் சொல்றியா?" யாரைக் கேட்டுச் செய்தாள்? இரண்டு வருஷம் இவள் ஆசையாக வளர்த்த முடி. அன்று பேச்சு நின்றது. பிறகு மதினி குன்னூருக்கு வேலைக்குப் போனாள், அந்த ஊர் டீமில் சேர்ந்தாள், எதிரியாகவே ஆகிவிட்டாள், அதுகூட வசதியாகத்தான் இருந்தது. பேன் இருந்தது உண்மைதான், அதை யாரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை...

ஜன்னலுக்கு வெளியே கைவிட்டுப்போன தோட்டம் ஒன்று வந்தது. கவாத்து வெட்டாமல் தேயிலை மரமாகவே வளர்ந்து நின்றது, கொழுந்து எடுக்கிறவர்கள் நடந்துபோகும் நிரைகள் எல்லாம் மூடிக்கொண்டு எந்தச் செடி யாருடைய நிரை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நிரை. தனக்குக் கொடுத்த நிரையை விட்டு அடுத்தவள் நிரையில் கை வைக்கக் கூடாது, கை வைத்தால் அதைப் போல அவமானம் வேறு இல்லை, பெரியவர்கள் இலங்கைத் தோட்டங்களில் இருந்தபோதும் அப்படித்தான், இங்கே திரும்பி வந்தும் அப்படித்தான், அம்மாக்கள் அப்படியே வளர்த்தார்கள்... சட்டென்று அவளுக்கு ஒரு கோல் நினைவுக்கு வந்தது. பந்து ரஞ்சனிக்கு ஒரு கை தூரத்தில் போகிறது, மெதுவாகத்தான் போகிறது, அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். ஏன்டி நின்ன என்று விஜயா கத்தினால், "அது அவ பக்கங்க்கா" என்றாள் பிள்ளை. அவ பக்கம்! அன்றைக்கு அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டினாள், மேட்டில் ஏறி ஏறி ஓடவிட்டாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் எல்லாக் கோலும் அப்படித்தானே விழுந்தது, இரண்டு பேருக்கு நடுவில், இரண்டு நிரைக்கு நடுவில்? பிள்ளைகள் பலமில்லாமல் தோற்கவில்லை. மரியாதையாகத் தோற்றிருக்கிறார்கள். விஜயாவே அப்படித்தானே ஆடுகிறாள், அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லையோ?

அப்படியென்றால் தூண் எதற்கு, நின்ற இடத்தில் நிற்க இவர்களுக்கே தெரியும். ஜானகி அப்படித்தான், பாறை மாதிரி, இடித்தால் இடித்தவர்களுக்குத்தான் வலிக்கும், ஆனால் நகரமாட்டாள். இசக்கியம்மா... போன வருஷம் அவள் எதிரணியில் ஆடியதை நினைத்துப் பார்த்தாள், இடது கோடியில் இருக்க வேண்டியவள் நடுவில் இருப்பாள், நடுவில் தேடினால் வலது கோடியில் யாரையோ திட்டிக்கொண்டிருப்பாள், "தள்ளுடி அங்கிட்டு, நாம் பாத்துக்கறேன்!" ரஞ்சனியை இடித்துத் தள்ளியவளும் அவள்தான், பந்தை அடித்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து ரஞ்சனியின் காலரைப் பிடித்துத் தூக்கி, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போனவளும் அவள்தான், எதிர் டீம் பிள்ளையை! தன் நிரை எங்கே முடிகிறது என்று பிறந்ததிலிருந்தே தெரியாத பொம்பளை. விஜயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு?" என்றார் பரமசிவன்.

"ஒன்னுமில்லீங்க." மட்டைக் கட்டைக் காலால் ஒதுக்கிவிட்டு, "நீங்க ஏன் உங்கக்காவப் பத்தி ஒன்னுமே சொல்லல?" என்றாள்.

"சொன்னா எம்பொண்டாட்டி கோவிச்சுக்குவா. சொல்லாட்டி எங்கக்கா கோவிச்சுக்குவா. எப்படியும் மட்டைக்கட்டத் தூக்கறது நாந்தானே, எனக்கு எதுக்கு வம்பு" என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பாமலே அவள் சால்வையைத் தோளில் இழுத்துவிட்டார். இந்த மனுஷனுடன் கோபமாக இருப்பது எவ்வளவு கஷ்டம்... வேண்டாம் என்று அவள் நேற்றே சொல்லியிருந்தாள், மனதுக்குள். வளருகிற டீம் வருங்காலத்தை விற்கக் கூடாது, வயசான ஆளை வாங்கி என்ன செய்ய, என்று காரணங்களை அழகாக அடுக்கியும் வைத்திருந்தாள். காரணங்கள் சரிதான். ஆனால் அந்தக் காரணங்களுக்குப் பின்னால் இவ்வளவு நாளும் ஓர் உப்பு ஜாடி உட்கார்ந்திருந்ததா?

மைதானத்தில் பனி விலகியிருந்தது. ஜெபிஷா ஓடினாள், போதும், அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. விஜயா நேராக எட்மண்ட் சாரிடம் போனாள். "இந்த வருசத்து அழைப்பத் தர்றதில்லீங்க சார். அடுத்த வருசத்தது எடுத்துக்குங்க. எனக்கு இசக்கியம்மா மட்டும் போதும்."

"அடேங்கப்பா, காரட் ஏலமாம்மா இது? ஜானகிதான் பலசாலி, அவள விட்டுட்டு அந்த வாயாடியக் கேக்கறீங்க!" என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே கணக்குப் போட்டுச் சிரித்தார். "சரி போங்க. இந்த வருசமும் நீங்கதான் கடைசியா வருவீங்க, அடுத்த வருசமும் அது முதல் அழைப்பாத்தான் இருக்கும். எனக்கென்ன நட்டம்?"

"பாக்கலாங்க சார்."

"ஆனா அவகிட்ட நீங்கதான் போய்க் கேக்கணும். புதுசுன்னாலும் பழசுன்னாலும் வழக்கம் ஒன்னுதான்."

முதலில் ஜெபிஷாவிடம் போனாள், இவள் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை சரிங்க்கா சரிங்க்கா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வெட்கப்பட்டது. அது சுலபம். இப்போது மைதானத்தின் மறுகோடி. பெஞ்சில் கால்பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த இசக்கியம்மா நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். கொஞ்சம் நரைத்திருக்கிறாள், எப்போது நரைத்தது? என்ன சொல்லி ஆரம்பிப்பது, மதினி என்றா, எங்க டீமுக்கு என்றா, பாப்பாவுக்கு முடி நல்லா வளந்துருச்சு மதினி என்றா... புல் ஈரத்தில் செருப்பு வழுக்கியது, எல்லாரும் பார்க்கிறார்கள், பரமசிவன் அங்கே மட்டைக் கட்டோடு வேண்டுமென்றே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மலைப் பாதை முழுக்க, வேண்டுமா வேண்டாமா, எடுக்கலாமா விடலாமா என்று அவளை வைத்து யோசித்துக்கொண்டே வந்தாயிற்று, அவள் வருவாளா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லையே என்பது பாதி மைதானத்தில்தான் விஜயாவுக்கு உறைத்தது. நடை கொஞ்சம் தயங்கியது, ஆனால் நிற்கவில்லை.